ரஸ் கோவாலிக்கும் இரண்டாவது ஓட்டக்காரனும்

ரஸ் கோவாலிக்கின் கல்யாணப் படத்தில் கோலீன் தெளிவாக இருக்கிறாள். கேக் தெளிவாக இருக்கிறது. பின்னால் நிற்கும் பாதிரியாரின் மூக்குக்கண்ணாடிகூடத் தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் மங்கல். படம் பிடிக்கிற அந்த ஒரு நொடிகூட அவனால் சும்மா நிற்க முடியவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா ஒரு மங்கலான ஆளோட குடும்பம் நடத்துறேன்" என்பாள் கோலீன், வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி.

கோல்டர்ஸ்பர்க்கில் அவனுக்கு முடி வெட்டுவது நான்தான். மூன்றாம் தெருவில், தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே, இரண்டு நாற்காலி போட்ட கடை. இருபத்தெட்டு வருடமாக அவன் தலை என் கையில் இருக்கிறது. ஒரு நாள்கூட அது ஒரே இடத்தில் இருந்ததில்லை. முதலில் பாதம் ஆடும், அப்புறம் தொடை, கொஞ்ச நேரத்தில் நாற்காலியே ஆடும். மூன்று தடவை அவன் காதில் கத்தரி பட்டிருக்கிறது. மூன்று தடவையும், "என் தப்புடா டென்னி, நான்தான் ஆடிட்டேன்" என்று அவனே பஞ்சை எடுத்து அமுக்கிக்கொண்டான்.

அவன் வேலை ஊர் சாலைத் துறையில். பனிக்காலத்தில் விடியுமுன் பனி தள்ளும் லாரி, கோடையில் தார். சர்ச்சில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நின்றுகொண்டே பிரசங்கம் கேட்பான். வலது முழங்காலுக்குள் இருப்பது எலும்பில்லை, உலோகம். இடது முழங்காலும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. பட்ட காலிலே படும் என்பது அவனைப் பார்த்துச் சொன்னதுதான். ஆகஸ்ட் வந்தால் மட்டும் மூன்றரை மணிக்கு லாரியை நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே பள்ளி மைதானத்துக்கு ஓடுவான். எட்டு வருடமாக எங்கள் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டக்காரர்களுக்கு அவன்தான் கோச். அதை எடுத்துவிட்டால் இந்த மனிதன் எங்கே போய் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியாது. கோலீனுக்கும் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். 1989-இல் அதே அணியில் ரஸ் முதல் ஓட்டக்காரன். நான் இரண்டாவது. ஓட்டக்காரன் வேலை என்ன? பந்தைக் கக்கத்தில் இடுக்கு, எதிரே நிற்கிற ஆள் சுவரில் போய் முட்டு, விழு, எழுந்திரு, மறுபடி முட்டு. அந்த வருடம் முழுக்க ரஸ் முந்நூறு தடவைக்கு மேல் முட்டினான். நான் ஆறு தடவை. ஏழாவது தடவைதான் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆஷ்லி ஊருடன் அரையிறுதி ஆட்டம். நவம்பர். ஆற்றிலிருந்து வீசிய காற்றில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இடைவேளையில் அவனிடம் போய், "ரஸ், நான் ஒரு ரெண்டு தடவை தூக்கட்டுமாடா?" என்று கேட்டேன். "உக்காரு" என்றான். அவ்வளவுதான். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, நாற்பத்தொன்றாவது தடவை, அவன் முழங்கால் போயிற்று. தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தோடு தாண்டவேண்டிய கோட்டுக்கு மூன்று கெஜம் பாக்கி, நான்கு புள்ளி பின்னால். "ஹ்ரூஸ்கா! உள்ள போ!" என்று என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். போனேன். பந்து என் வயிற்றில் வைக்கப்பட்டது தெரிந்தது. அப்புறம் அது அங்கே இல்லை.

கையில் வெண்ணெய் தடவியவன்போலப் பந்தை நழுவவிட்டு ஆட்டத்தைத் தோற்கடித்தேன் என்று அன்றிலிருந்து என் பெயர் வெண்ணெய். முப்பத்துநான்கு வருடம். கடைப் பலகையில் "டென்னி" என்று எழுதியிருக்கிறது. ஆனால் நகராட்சிக் கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரனே "வெண்ணெய், கையெழுத்துப் போடு" என்கிறான். நானும் சிரித்துக்கொண்டே போடுகிறேன். பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு நாளும் பழகவில்லை.

இனி போன வருடக் கதை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஆகஸ்ட் கடைசியில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பிரோகி விருந்து நடக்கும், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. அங்கே முதல் ஓட்டக்காரனுக்கு ஒரு பழைய மாட்டு மணியைக் கொடுப்பார்கள். மந்தைக்கு முன்னால் போகிற மாட்டுக்கு மணி கட்டுவதில்லையா, அந்தக் கணக்கு. பையனின் அம்மா அந்த மணியை வைத்துக்கொண்டு, மகன் பந்து தூக்கும்போதெல்லாம் ஆட்டுவாள். 89-இல் ரஸ்ஸின் அம்மா ஆட்டிய ஆட்டில் கைப்பிடியே கழன்றது. போன வருடம் இரண்டு நல்ல ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ஜமீர் வேட்ஸ், தொடை இரண்டும் தூண். மாநிலத்தில் பாதிப் பேர் அவனைப் பற்றித்தான் பேசினார்கள். நோலன் சிமிக், ஒல்லி, வேகம், வாயைத் திறக்கமாட்டான். மணி ஜமீருக்குத்தான் என்று எல்லோரும் கையில் ஒட்டிய வெண்ணெயைத் துடைத்துக்கொண்டு தட்டுவதற்குத் தயாராக இருந்தோம். ரஸ் எழுந்தான், மணியை எடுத்தான், மேசைகளுக்கு நடுவே இரண்டு சுற்று நடந்தான்.

"இந்த வருஷம் மணி யாருக்கும் இல்ல. உடை மாத்துற ரூம்ல ஆணியில மாட்டிடறேன். ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தான் ஓடுவாங்க."

ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அவன் ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். பந்து எங்கள் கைக்கு வந்து, எங்களை விட்டுப் போகும்வரை ஒரு முறை. இரண்டு முறை ஜமீர், அடுத்த இரண்டு முறை நோலன். மாற்றமே கிடையாது. நடுவில் மூச்சு வாங்கினால், கால் பிடித்தால், உள்ளே இருப்பவன் தன் தலைக்கவசத்தை இரண்டு தட்டுத் தட்டவேண்டும். மற்றவன் ஓடி வருவான். "தட்டுறவன் கோழை இல்ல. தட்டாதவன்தான் முட்டாள்" என்று பயிற்சியில் கத்துவான். வேலிக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்; எங்கள் ஊரில் நாவிதனுக்கு. சனிக்கிழமை காலையில் கடையில் நிற்க இடமில்லை. எஃகு ஆலையில் முப்பது வருடம் உலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்டஷ், முடியே இல்லாமல் வாராவாரம் முடி வெட்ட வருகிறவர், நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்.

"ஒரு உறையில ரெண்டு கத்தியா? ஜமீர் மாதிரி ஒருத்தன் இருக்கும்போது அந்தக் குச்சிப் பையன்கிட்ட எதுக்குய்யா பந்து? சூடு ஏற ஏறத்தான்யா ஓட்டம் வரும். நாலு தடவை முட்டினா எதிராளிக்கு வலிக்காது. நாப்பது தடவை முட்டினா சாஞ்சுடுவான்."

"முட்டுறவனும் சாஞ்சுடுவானே" என்றார் யாரோ.

"சாஞ்சா சாயட்டும்! நம்ம காலத்துல சாயலையா? என்ன வெண்ணெய், நீ என்ன சொல்ற?"

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நானும் ஸ்டஷ் கட்சிதான். "நல்லவன் கையில குடுத்துட்டு ஒதுங்கிடணும். ரெண்டாவது ஆளை நம்பினா என்ன ஆகும்னு இந்த ஊருக்குத் தெரியாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை நானே அடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

ஜமீரின் அப்பா லியான் மட்டும் சிரிக்கவில்லை. மகனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு நோலன் மேல கோவம் இல்ல டென்னி. நல்ல பையன். ஆனா அணிக்கு ஆளெடுக்கற காலேஜ்காரங்க என் மகன் எத்தனை கெஜம் ஓடினான்னுதானே பாப்பாங்க? பாதிய அவன் ஓடிட்டா, என் மகன் கணக்கு பாதிதானே வரும்? ரஸ்கிட்ட நீங்க பேசக்கூடாதா? உங்க சிநேகிதன்தானே?"

"அப்பா, எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றான் ஜமீர் துணிக்கு அடியிலிருந்து.

"நீ வாய மூடு. உனக்குப் பதினேழு வயசு, உனக்கு எதுவுமே பிரச்சினை இல்ல."

லியான் சொன்னது நியாயம்தான். ரஸ்ஸிடம் பேசினேன். தார் போட்டுக்கொண்டிருந்த தெருவோரத்தில் பிடித்தேன். கேட்டுக்கொண்டே என்னைச் சுற்றி நடந்தான், நான் பம்பரம் மாதிரி திரும்பித் திரும்பிப் பேசவேண்டியதாயிற்று.

"ஒரு இடத்துல நில்லேன்டா! தலை சுத்துது."

"நின்னா முட்டி பூட்டிக்கும்."

"ஊரே உன்னைத் திட்டுது ரஸ்."

"திட்டட்டும். நீயுமா?"

"நானும்தான்."

சட்டென்று நின்றான். என்னை என்னவோ மாதிரி பார்த்தான். "நீ சொல்லாதடா" என்றான். "யார் வேணா சொல்லட்டும். நீ சொல்லாத." அப்புறம் சாலை உருளையின் பின்னால் போய்விட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு ஏன் சொல்ல உரிமையில்லை? தோற்றதில் என்னைவிட அனுபவசாலி இந்த ஊரில் யார்?

பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தோம். ஜெயித்த எட்டையும் ஊர் மறந்தது, தோற்ற இரண்டையும் ரஸ் தலையில் கட்டியது. மறுபடியும் ஆஷ்லியோடு, எங்கள் மைதானத்தில், தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டம் வந்தது. அந்த வாரம் தலைமைக் கோச் ஹெம்ரிக் ரஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோலீன்தான் என்னிடம் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை உன் பங்குப் பைத்தியத்தால தோத்தோம்னா, அடுத்த வருஷம் நீ வரவேண்டாம்னு சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடல. மாடி, கீழ, மாடி, கீழ. ராத்திரி பூரா படிக்கட்டு சத்தம். டென்னி, அத மட்டும் அவர்கிட்டேர்ந்து எடுத்துட்டா நான் இந்த மனுஷன எங்க கட்டி வெப்பேன்?"

ஒன்று சொல்ல மறந்தேன். வெள்ளிக்கிழமைகளில் மைதானத்தின் ஓரக் கோட்டில் எண்-தடி பிடிப்பது என் வேலை. பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சி உண்டு; அந்தப் பத்து கெஜத்தை அளக்கும் சங்கிலியை இரண்டு பேர் பிடிப்பார்கள். பந்து இருக்கிற இடத்தில், எத்தனையாவது முயற்சி என்று எண் காட்டும் தடியை நான் பிடிப்பேன். தடிக்காரனுக்கு ஒரே சட்டம்: வாயைத் திறக்கக்கூடாது. கை தட்டக்கூடாது, கத்தக்கூடாது, நீ எந்த ஊர்க்காரன் என்று தடிக்குத் தெரியக்கூடாது. பத்தொன்பது வருடமாக மீறியதில்லை. வாயை மூடிக்கொண்டு மைதானத்தில் நிற்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான்.

அன்றைக்கும் ஆற்றுக் காற்று. ரஸ் எனக்கு மூன்றடி தள்ளிக் கோட்டோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். மூன்றாவது கால்பகுதி முடியும்போது பதினான்குக்குப் பத்து என்று முன்னால் இருந்தோம். ஜமீரின் இரண்டு முறை முடிந்து நோலனின் முதல் முறை. முதல் ஓட்டத்திலேயே ஒரு தோள் வந்து இடிக்க, பந்து அவன் கக்கத்திலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. ஆஷ்லிப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு எங்கள் கோடு வரை ஓடியே போய்விட்டான். பதினேழுக்குப் பதினான்கு. பின்னால் போனோம்.

அப்புறம் பார்வையாளர்களின் மேல்படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

"இன்னொரு வெண்ணெய்டா!"

சிரிப்பு படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி வந்தது. நோலன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே பெஞ்சின் மூலையில் போய் உட்கார்ந்தான். அந்த மூலை எனக்குத் தெரியும். என் கையில் தடி இருந்தது. இல்லாவிட்டால் அங்கேயே போயிருப்பேன்.

பந்து மறுபடி எங்களுக்கு வந்தது. ஆறு நிமிடம் பாக்கி. ஏற்பாட்டின்படி இதுவும் நோலன் முறை.

"வேட்ஸ்! உள்ள போ!" என்று கத்தினார் ஹெம்ரிக்.

ஜமீர் குனிந்து தன் காலணிக் கயிறை அவிழ்த்தான். "கயிறு அவுந்துடுச்சு கோச்" என்றான், அவிழ்த்துக்கொண்டே.

ரஸ் பெஞ்சுக்குப் போனான். நோலனின் தோளில் ஒரு தட்டு. "பந்து விழுந்துச்சு. விழும். இது உன் முறை, போ." பையன் அவனை நம்பாமல் பார்த்தான். "போடா!" என்று தள்ளினான் ஜமீர். நோலன் ஓடினான்.

ஹெம்ரிக் பாய்ந்து வந்து ரஸ்ஸின் சட்டையைப் பிடித்தார். "உனக்கென்ன பைத்தியமா? இப்பதான் கீழ போட்டான்!"

ரஸ் அப்போது செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நடந்து என் தடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அசையாமல் நின்றான். ஹெம்ரிக்கும் கூடவே வந்தார்.

"கோச், எண்பத்தொம்பதுல என் முட்டி கடைசி நிமிஷத்துல போகல. ரெண்டாவது கால்பகுதியிலயே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. எனக்கடுத்தவன் வந்து கேட்டான், ரெண்டு தடவை தூக்கட்டுமான்னு. உக்காருன்னேன். ரெண்டரை மணி நேரம் அவன அந்தக் குளிர்ல காய வெச்சுட்டு, நான் விழுந்தப்புறம் அவன் கையில பந்தக் குடுக்க வெச்சேன். கீழ போட்டது அவன் இல்ல. நான். அதுக்கப்புறம் ஒருத்தரும் அவனுக்கு இன்னொரு தடவை குடுக்கல. என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. பையன் உள்ளதான் இருப்பான்."

ஹெம்ரிக் என்னைப் பார்த்தார். நான் மைதானத்தைப் பார்த்தேன். தடிக்காரன் பேசக்கூடாது. தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நோலன் முட்டினான். மூன்று கெஜம். மறுபடி முட்டினான், ஐந்து. நான் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ரஸ் நொண்டிக்கொண்டு கூடவே வந்தான். ஜமீரின் கால்கள் ஓய்வெடுத்துத் துடித்துக்கொண்டிருந்தன, கயிறு எப்போதோ கட்டியாயிற்று. கோட்டுக்குப் பத்து கெஜத்துக்குள் வந்துவிட்டால் சங்கிலியைக் கீழே போட்டுவிடுவார்கள். என் தடி மட்டும் நிற்கும். கடைசியில் அது நின்ற இடம் மூன்று கெஜம். இரண்டாவது முயற்சி. இதே முனை, இதே மூன்று கெஜம்.

பந்து நோலனின் வயிற்றில் வைக்கப்பட்டது. சுவரில் போய் முட்டினான். நான்கு பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தபோது, கடைசியில், கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், பையன் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தான்.

"விடலடா! விடல! அவன் விடலடா!"

கத்தியது நான்தான். தடி எங்கேயோ விழுந்துகிடந்தது. நான் மைதானத்துக்குள் ஆறடி போய் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

நடுவர் ஊதலை எடுத்தார். "என்னய்யா இது? வெளிய போ. வேற ஆள் தடியப் பிடிக்கட்டும்."

வேலிக்கு வெளியே, ஹாட்-டாக் விற்கிற வண்டியோரமாக நின்று மீதியைப் பார்த்தேன். நோலன் எழுந்தான். ஒரு கெஜம் பாக்கி, அவன் பெயரை எழுதிவைக்கிற ஒரே வாய்ப்பு. மூச்சு வாங்கக் குனிந்தான். அப்புறம் கையைத் தூக்கித் தலைக்கவசத்தை இரண்டு தட்டுத் தட்டினான்.

ஜமீர் ஓடினான். புதுக் கால். சுவர் இருந்ததே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடையில் ஸ்டஷ், "பாத்தியா, ஜமீர்தான்யா ஜெயிக்க வெச்சான். நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். ஹெம்ரிக் ரஸ்ஸிடம் அடுத்த வருடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய ஊர் ஒன்றிடம் இருபது புள்ளியில் தோற்றோம், அதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. தடி என்னிடமிருந்து போனது போனதுதான்.

ஜெயித்த அந்தச் சனிக்கிழமை கடை மூடுகிற நேரத்தில் ரஸ் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைக் கட்டினேன். கத்தரியை எடுத்தேன்.

"நீ சொன்னது கேட்டுச்சு" என்றேன்.

"கேக்கணும்னுதான் உன் தடிகிட்ட வந்து நின்னேன். முப்பத்துநாலு வருஷமா நேரா சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்கடா."

கண்ணாடியில் அவனைப் பார்க்காமல் காதோரம் வெட்ட ஆரம்பித்தேன். அவன் கால் ஆடவில்லை. நாற்காலி ஆடவில்லை. ஆடியது என் கை. காதில் பட்டு ரத்தம் கசிந்து கழுத்தில் இறங்கியது. கத்தரியை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

"என் தப்பு" என்றேன். "இந்தத் தடவை என் தப்புடா."

ரஸ் பஞ்சை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டான். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு ஏன்டா அங்க போய் நிக்கற? இன்னொரு காது இருக்குல்ல. வா, வெட்டு."